அரணும் துறையும்: அஞ்சுகிராமம் முதல் தேங்காப்பட்டணம் வரை

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா செல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. விடியுமுன் எழுந்து சூரிய உதயம் காண்பர். படகேறி விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி உயர வள்ளுவர் சிலைக்கும் செல்வர். 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தில் நடந்து பார்ப்பர். சங்கு வளையலும் பாசிமணியும் வாங்கிக்கொண்டு பிற்பகலில் வண்டியேறுவர். 'குமரியைப் பார்த்துவிட்டோம்' என்ற நிறைவோடு ஊர் திரும்புவர்.

குமரியின் ஒரு முனையைத்தான் அவர்கள் கண்டிருக்கிறார்கள். அம்முனைக்கு இருபுறமும் நீண்டு கிடக்கும் கரையை அவர்கள் காணவில்லை. கிழக்கே அஞ்சுகிராமத்தை ஒட்டிய கடலோரத்தில் தொடங்கும் அக்கரை, மேற்கே தேங்காப்பட்டணத்தையும் கடந்து கேரள எல்லை வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீள்கிறது. அதன் கீழ்க்கோடியில் ஒரு கோட்டை நிற்கிறது. வருவோரைத் தடுக்க எழுந்த அரண் அது. மேற்கே ஒரு பழந்துறை இருக்கிறது. வருவோரை ஏற்று வாழ்ந்த ஊர் அது. இவ்விரண்டுக்கும் இடையே, தமிழகத்து முஸ்லிம்கள் ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய வரலாறு கல்லாகவும் மண்ணாகவும் கிடக்கிறது.

சென்ற மே மாத விடுமுறையில் எங்கள் மதரஸாவின் மாணவர்கள் சிலரையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, இரண்டு நாள் பயணமாக இக்கரையைக் காணச் சென்றோம். பூமியில் பயணம் செய்து, முன்சென்ற சமூகங்களின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. எனவே பயணமும் பாடமே என்ற எண்ணத்துடன் புறப்பட்டோம்.

எல்லையூர்

அஞ்சுகிராமம் என்றால் ஐந்து ஊர்கள் என்று பொருள். அகஸ்தீஸ்வரம் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், திருநெல்வேலி மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பேரூர் இது. பனையும் தென்னையும் சூழ்ந்த நிலம், ஓயாத காற்று, கண்ணுக்கெட்டிய தொலைவில் சுழலும் காற்றாலைகள். கிழக்கே சிறிது தொலைவு சென்றால் கூடங்குளம் வந்துவிடும்.

இன்று இது இரு மாவட்டங்களுக்கு இடைப்பட்ட எல்லை. ஒரு காலத்தில் இரு அரசுகளுக்கு இடைப்பட்ட எல்லையாக இருந்தது. இப்பக்கம் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சி; அப்பக்கம் ஆங்கிலேயரின் திருநெல்வேலிச் சீமை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் உருவானபோதுதான் அந்த அரசியல் எல்லை மறைந்தது. எல்லையூர் என்றால் காவல் வேண்டுமன்றோ? அக்காவலின் அடையாளம் இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கடலோரத்தில் நிற்கிறது. அதுவே வட்டக்கோட்டை.

வட்டமில்லாத வட்டக்கோட்டை

பெயரைக் கேட்டு வட்ட வடிவில் ஒரு கோட்டையை எதிர்பார்த்து வந்த சிறுவர்கள் ஏமாந்தார்கள். கோட்டை நீள்சதுரமாக இருக்கிறது! ஏறத்தாழ மூன்றரை ஏக்கர் பரப்பு. கருங்கல் மதில். கைப்பிடிச் சுவரையும் சேர்த்து 25 அடி உயரம். மதிலின் கனம் முன்புறத்தில் 29 அடி, மூலைகளில் 18 அடி, பின்புறத்தில் 6 அடி. கற்களில் ஆங்காங்கே பாண்டியரின் மீன் சின்னம் தென்படுகிறது. உள்ளே நுழைந்து மேலேறினால் ஒருபுறம் கடல், மறுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இறுதிக் குன்றுகள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளமையால் சுற்றுப்புறம் தூய்மையாக இருக்கிறது. குமரிமுனையின் கூட்டமும் கூச்சலும் இங்கில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசின் கடற்கரைக் காவலுக்காக இக்கோட்டை வலுப்படுத்தப்பட்டது. அப்பணியைச் செய்தவர் யார்? மன்னரின் குலத்தவரா? இல்லை. மன்னரை எதிர்த்துப் போரிட வந்து, தோற்று, சிறைப்பட்ட ஓர் ஐரோப்பியர்! டிலனாய் என்பது அவர் பெயர்.

மிளகு வாணிபத்தைத் தன் பிடிக்குள் வைத்துக்கொள்ளத் துடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, திருவிதாங்கூர் மீது படை நடத்தியது. அப்போது ஆண்டவர் மார்த்தாண்ட வர்மா. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சல் போரில் டச்சுப் படை முறியடிக்கப்பட்டது. சிறைப்பட்டோரில் டிலனாயும் ஒருவர். மன்னர் அவரைக் கொல்லவில்லை. சிறையில் வைத்து மறந்துவிடவும் இல்லை. ஐரோப்பியப் போர்ப்பயிற்சியைத் தம் வீரர்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். சிறைக்கைதி ஆசிரியரானார், ஆசிரியர் தளபதியானார். 'வலிய கப்பித்தான்' என்று மக்கள் அவரை அழைத்தனர். 1777இல் இறக்கும்வரை, முப்பத்தாறு ஆண்டுகள், தம்மை வென்ற நாட்டுக்காகவே அவர் உழைத்தார்.

இதைச் சொன்னபோது மாணவன் ஒருவன், "உஸ்தாது, பத்ருப் போர்க் கைதிகள் மாதிரியா?" என்று கேட்டான். என் உள்ளம் குளிர்ந்தது. பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள் எழுத்தறிவு பெற்று, ஈட்டுத்தொகை தர வசதியற்றிருந்தோர், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்பித்துவிட்டு விடுதலை பெறலாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிவகுத்தார்கள். காலமும் நோக்கமும் வேறு. எனினும், பகைவனிடமும் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்ட அறிவு இரண்டிலும் உண்டு.

"இவ்வளவு கனமான சுவரை எப்போதாவது எதிரி உடைத்தானா?" என்று வேறொரு மாணவன் கேட்டான். இக்கோட்டையின் மிகப் பெரிய படிப்பினை அக்கேள்விக்கான விடையில்தான் இருக்கிறது. 1809இல் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, ஆங்கிலப் படை கடல் வழியே இங்கு வந்து மோதவில்லை. வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயின் காவலை உடைத்து, நிலவழியாக நாஞ்சில் நாட்டுக்குள் இறங்கியது. அதன்பின் உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் எதிர்ப்பின்றிப் பணிந்தன. 29 அடிக் கனச் சுவர் கடலையே பார்த்துக்கொண்டு நிற்க, பகை மலைப்பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது! மனிதன் கட்டும் அரண்களின் நிலை இதுதான்.

ஒரே மாவட்டம், இரண்டு கடல்

கோட்டைக்குக் கீழே கடற்கரை மணல் கருமையாக மின்னுகிறது. இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்கள் கலந்தமையால் வந்த நிறம் அது. இதே மாவட்டத்தின் மேற்குக் கரையில் உள்ள மணவாளக்குறிச்சியின் மணல் உலகப் புகழ் பெற்றது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தபோது அதில் மோனசைட் என்ற அரிய கனிமம் இருப்பதைக் கண்டார். பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் 'மேண்டில்' வலை ஒளிர்வதற்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. கயிறு திரிக்கும் ஏழைப் பெண்கள் உதறித் தள்ளிய மணலுக்காக வெளிநாட்டார் போட்டியிட்டனர்.

கோட்டைக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட கரையில் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. நாங்கள் சென்றபோது விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டுக் கிடந்தன. கரையில் அமர்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களை முகமலர்ந்து வரவேற்றார்.

"வாங்க பாய். பிள்ளையளக் கூட்டிட்டுக் கோட்டைய பாக்க வந்தியளா?"

"ஆமாம் அண்ணாச்சி. படகெல்லாம் கரையில் கிடக்கிறதே?"

"தடைக்காலம்லா பாய்! நாளைக்குக் குளச்சலுக்குப் போனியன்னா அங்க எல்லாரும் கடலுக்குப் போயிட்டிருப்பாவ. ஒரே மாவட்டம், ரெண்டு கடலு."

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. மீன்கள் இனம்பெருக்கும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல அரசு தடை விதிக்கிறது. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாட்கள். இரண்டு கரைகளும் அமைந்த இம்மாவட்டத்தில், கீழ்க்கரை மீனவர் வலை மடிக்கும்போது மேல்கரை மீனவர் வலை வீசுவார். மேல்கரையார் கரையேறும்போது கீழ்க்கரையார் கடலேறுவார்.

"இந்தக் கோட்டை உங்கள் ஊருக்குக் காவல்தானே?" என்று எங்களுடன் வந்த அன்பர் ஒருவர் கேட்டார். முதியவர் சிரித்தார். "கோட்டை எங்களக் காத்ததில்ல பாய். சோறு போடுறது கடலு, அடிக்கிறதும் கடலுதான். அடிச்சா, பக்கத்து ஊர்க்காரன்தான் ஓடி வருவான்."

அவர் 2004 டிசம்பர் 26 ஆம் நாளை நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆழிப்பேரலை இம்மாவட்டத்தின் கடலோர ஊர்களைச் சூறையாடிய நாள் அது. அந்நாட்களில் தமிழகக் கரையெங்கும் பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கதவு திறந்தன. கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் நம் ஜமாஅத்தினர், பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்கு உணவும் இடமும் தந்த செய்தியை நாடு முழுவதும் போற்றியது. சுனாமியைத் தடுக்க எந்தக் கோட்டைச் சுவராலும் இயலவில்லை. சுனாமிக்குப் பின் மனிதரைத் தாங்கி நின்றவர்கள் மனிதர்களே.

இடலாக்குடியில் ஒரு பெருமகன்

அங்கிருந்து நாகர்கோவில் நோக்கிச் சென்றோம். சுசீந்திரத்தைக் கடந்ததும் வருவது இடலாக்குடி. ளுஹர் தொழுகையை அங்கே நிறைவேற்றினோம்.

இவ்வூர், சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த மண். 1874 ஜூலை 31 அன்று பிறந்தவர். ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்தி விடையளிக்கும் அருங்கலை சதாவதானம். அதனை 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில், அறிஞர் நிறைந்த அவையில் அவர் நிகழ்த்திக் காட்டினார். உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கு உரை கண்டவரும் அவரே. கதராடை அணிந்து நாட்டு விடுதலைக்காகக் குரல் கொடுத்தார். 1950 பிப்ரவரி 13 அன்று மறைந்தார். இந்திய அரசு 2008இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

எங்களுடன் வந்த பிள்ளைகளுள் ஒருவருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்கவில்லை. கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக் கணக்கை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் அவர்கள். குறை அவர்களிடம் இல்லை. வீட்டில் உம்மா சொல்லவில்லை, வாப்பா சொல்லவில்லை, வகுப்பிலும் எவரும் சொல்லவில்லை. பிறகு எப்படித் தெரியும்?

கைதியின் கல்லறை

மறுநாள் காலை தக்கலைச் சாலையில் புலியூர்க்குறிச்சிக்குச் சென்றோம். நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது உதயகிரிக் கோட்டை. ஒரு குன்றையே வளைத்துக் கட்டிய பெருங்கோட்டை இது. டிலனாயின் மேற்பார்வையில் பீரங்கி வார்க்கும் உலை இங்கே இயங்கியது. இப்போது வனத்துறையின் பூங்காவாக மரங்கள் நிறைந்து நிழல் தருகிறது.

உள்ளே இடிந்த சிறு தேவாலயம் ஒன்று நிற்கிறது. அதில்தான் டிலனாயின் கல்லறை. அதன் மேல் இலத்தீனிலும் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் பிறந்து, கடல் கடந்து போரிட வந்தவரின் கல்லறைக் கல்லில் தமிழ்! மாணவர்கள் அவ்வெழுத்துகளை விரலால் தடவித் தடவி எழுத்துக்கூட்டிப் பார்த்தார்கள்.

இங்கே மற்றொரு செய்தியையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொன்னேன். டிலனாயின் வழியாகக் கிறித்தவத்தை அறிந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை, 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்னர்ச் சிறைப்பட்டுத் துன்புற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சமயம் மாறியதற்காகவே இத்தண்டனை என்று கத்தோலிக்கத் திருச்சபை கொள்கிறது. 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தது. வேறு காரணம் கூறுவோரும் உளர். காரணம் எதுவாயினும், அயல்நாட்டுக் கைதியை அரவணைத்த அதே ஆட்சியில்தான் சொந்த நாட்டு மகன் ஒருவனின் உயிர் பறிபோனது. வரலாற்றைப் படிக்கும்போது இரண்டு பக்கங்களையும் படிக்க வேண்டும். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்ற திருமறையின் போதனை எவ்வளவு பெரியது என்பது இத்தகைய இடங்களில் நிற்கும்போது விளங்குகிறது.

அருகிலேயே பத்மநாபபுரம் அரண்மனை. தேக்கும் பலாவும் கொண்டு இழைத்த மரவேலைப்பாடு. முகம் தெரியும் கருந்தரை. சீன வணிகர் வழங்கிய பெரிய சாடிகள். தமிழக மண்ணில் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள அரண்மனை இது. திங்கட்கிழமை விடுமுறை, அந்நாளில் சென்று ஏமாற வேண்டாம்.

நெசவாளரின் தமிழ்

தக்கலை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் பீர் முகம்மது அப்பா அவர்கள். தென்காசியில் பிறந்து, இங்கு வந்து தறியில் அமர்ந்து நெய்து உண்டவர். அத்தறியின் ஓசையோடு தமிழில் ஞானம் பாடியவர். 'ஞானப்புகழ்ச்சி' அவர் இயற்றியது. ஆண்டுதோறும் ரஜப் மாத முழுநிலவை ஒட்டி, ஓர் இரவு முழுவதும் மக்கள் கூடியிருந்து அதனைப் பாடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

தர்கா வழக்கங்கள் குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அதை இங்கே விவாதிக்க வரவில்லை. ஆனால் அவருடைய தமிழ் குறித்து நமக்குள் வேறுபாடு இருக்க இயலாது. அரபுச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் ஊடும் பாவுமாக நெய்து, இறைவனின் ஒருமையைத் தன் மண்ணின் மொழியில் பாடிய ஒரு நெசவாளர் நம் முன்னோர். இஸ்லாம் இம்மண்ணில் எம்மொழியில் பேசியது என்று வினவுவோருக்கு இதைவிட வேறென்ன விடை வேண்டும்?

குளச்சலும் தேங்காப்பட்டணமும்

தக்கலையிலிருந்து தெற்கே இறங்கிக் குளச்சல் கடற்கரையை அடைந்தோம். சின்னமுட்டத்து முதியவர் சொன்னபடியே, இங்கே படகுகள் கடலில் இருந்தன. 1741 வெற்றியின் நினைவாக ஒரு தூண் கடற்கரையருகே நிற்கிறது. போர்க்காலத்தில் இவ்வூர் மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாத்தி வரிசையாக நின்றதாகவும், தொலைவிலிருந்து கண்ட டச்சுக்காரர் அவற்றைத் துப்பாக்கிகளென எண்ணி மயங்கியதாகவும் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இந்துக்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இவ்வூரில், அவ்வெற்றியை எல்லோரும் தம்முடையதாகவே பேசுகின்றனர்.

குளச்சலுக்கும் மேற்கே, குழித்துறைத் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்திருக்கிறது தேங்காப்பட்டணம். வழியில் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயின் தடங்கள் தென்படுகின்றன. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்கும் கனவோடு 1860இல் தொடங்கப்பட்டு, முழுமை பெறாமலே நின்றுபோன கால்வாய் அது.

தேங்காப்பட்டணம் பழந்துறை. அரபு வணிகர் மரக்கலங்கள் இக்கரையை நாடி வந்தன. மிளகும் தேங்காயும் கயிறும் ஏறின. பொருள்களோடு மனிதர்களும் இறங்கினர். இங்குள்ள பழமையான பெரிய பள்ளிவாசலின் தோற்றத்தை மாலிக் இப்னு தீனார் (ரஹ்) அவர்களோடு இணைத்துப் பேசுகிறது ஊர் மரபு. கருங்கல்லாலான அப்பள்ளியைக் கண்டபோது, எந்தக் கைகள் இதைச் செதுக்கியிருக்கும் என்ற எண்ணமே எழுந்தது. வந்தவர் தொழுகையைக் கொண்டு வந்தார். இருந்தவர் உளியைக் கொண்டு வந்தார். இருவரும் சேர்ந்து எழுப்பியதே நம் பழம்பள்ளிகள். இப்பகுதியின் தச்சரும் கல்தச்சரும் தமக்குத் தெரிந்த கலையையே அல்லாஹ்வின் இல்லத்துக்கும் வழங்கினார்கள்.

எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) பிறந்த ஊரும் இதுவே. 1988இல் வெளிவந்த அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' என்ற புதினத்தால் இவ்வூர்த் தெருக்களும் பள்ளியும் கடலும் தமிழ் இலக்கியத்தில் இடம்பெற்றன. நம் சமுதாயத்தின் அழகை மட்டுமன்றி, அதனுள் இருந்த ஆதிக்கத்தையும் அறியாமையையும் அவர் அஞ்சாமல் எழுதினார். 1997இல் 'சாய்வு நாற்காலி'க்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றார். கோட்டைகளைப் பற்றி மன்னர்களின் ஆவணங்கள் பேசும். சின்னஞ்சிறு கடலோர ஊரைப் பற்றிப் பேச அவ்வூரில் பிறந்த ஒருவரே வேண்டியிருந்தது.

நம் கையில் உள்ளது

இரண்டு நாள் பயணத்தில் நெஞ்சில் தங்கிய எண்ணம் ஒன்றுண்டு. வட்டக்கோட்டையில் ஒரு கல்லைப் பெயர்க்க எவராலும் இயலாது. சட்டம் காக்கிறது, காவலர் நிற்கிறார், அறிவிப்புப் பலகை எச்சரிக்கிறது. அரணைத் தொல்லியல் துறை காக்கிறது. ஆனால் கடல் துறையின் நினைவை யார் காப்பது? வந்தவரை ஏற்று, வாழ இடம் தந்து, ஒரே மொழி பேசிக் கலந்த அந்த வரலாற்றுக்குச் சான்றாக நிற்பவை நம் பழம்பள்ளிகள், அவற்றின் தூண்கள், மையவாடியின் மீஸான் கற்கள், பழைய வீடுகளின் மரப்பெட்டிகளில் உறங்கும் அரபுத்தமிழ் ஏடுகள். அவை பெரும்பாலும் நம் பொறுப்பில்தான் இருக்கின்றன.

நாம் என்ன செய்கிறோம்? பள்ளியை விரிவுபடுத்துவது நற்செயலே. தொழுவோர் பெருகும்போது இடம் வேண்டும். ஆனால் விரிவாக்கத்தின்போது பழைய கல்தூண்களைப் பெயர்த்து வெளியே போடுகிறோம். எழுத்துப் பொறித்த கல்லின் மேல் சுண்ணாம்பும் வண்ணமும் மாறி மாறிப் பூசுகிறோம். வழுவழுப்பான ஓடு பதித்து 'புதுப் பள்ளி' என்று மகிழ்கிறோம். வாப்பாவின் வாப்பா ஓதிய ஏட்டைக் கறையானுக்கு விட்டுவிடுகிறோம். நாளை ஒருவர் வந்து, "நீங்கள் இந்த ஊரில் எப்போதிருந்து இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் எதைக் காட்டுவோம்?

மஹல்லா நிர்வாகிகளை அன்போடு வேண்டுகிறேன். பழைய பள்ளியில் கைவைக்குமுன் ஒவ்வொரு தூணையும் ஒவ்வொரு எழுத்தையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். கல்வெட்டு படிக்கத் தெரிந்தோரை அழைத்துக் காட்டுங்கள். பெயர்க்கத்தான் வேண்டுமெனில் அக்கல்லை வளாகத்துக்குள்ளேயே ஓரிடத்தில் நிறுத்துங்கள். பழைய ஏடுகள் இருந்தால் அறிந்தோரிடம் காட்டிப் படியெடுங்கள். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. சிறிது அக்கறை போதும்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் குமரிக்குச் செல்லும்போது ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதிகாலையில் வட்டக்கோட்டைக்குச் சென்றால் வெயிலுக்குமுன் பார்த்துவிடலாம். குடிநீரும் விரிப்பும் எடுத்துச் செல்லுங்கள். இக்கரையில் கடல் கொந்தளிப்பானது. பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர்கள். நாகர்கோவிலில் தங்கி மறுநாள் தக்கலை, குளச்சல் வழியாகத் தேங்காப்பட்டணம் செல்லுங்கள். மஃரிபை அங்கே தொழுது, கடற்காற்றில் சிறிது அமர்ந்து, இக்கரைக்கு யார் யார் வந்தார்கள், எவ்வாறு இங்குள்ளோர் ஆனார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அரண்களைக் கட்டிய அரசுகள் போய்விட்டன. அவர்கள் அஞ்சிய கப்பல்களும் போய்விட்டன. துறைகளில் இறங்கி, இம்மண்ணின் மொழியைத் தம் மொழியாக்கி, அண்டை வீட்டாருக்கு அண்டை வீட்டாராக வாழ்ந்தோரின் வழிவந்த நாம் இருக்கிறோம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது ஓர் அமானிதம். அதைப் பழுதின்றி நம் மக்களிடம் சேர்க்கும் பொறுப்புணர்வை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.